குளிருக்குப் போடும் கால் போத்தலும் நம் சுவாசப்பையும்



சென்ற மாரி காலத்தில் நாங்கள் சிலர் மட்டக்களப்புக்குப் போயிருந்தோம். பதுளையில் பஸ் ஏறினால் பிபிலை, மகா ஓயா வழியாக இறங்கிச் செங்கலடியில் கொண்டுபோய் விடும். செங்கலடிச் சனங்கள் அந்தப் பாதையைப் 'பதுளை வீதி' என்றுதான் சொல்கிறார்கள். 1977லும் 1983லும் நடந்த கலவரங்களில் அடிபட்டு மலையகத்தை விட்டுப் போன குடும்பங்கள் பல வடக்கிலும் கிழக்கிலும் குடியேறின என்பது நீங்கள் அறிந்ததே. அப்படிப் போனவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை என்று பேர் பெற்ற பகுதியில் அவர்கள் இருக்கிறார்கள். கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் பிள்ளைகள் இன்று அங்கே வயலில் களை பிடுங்குகிறார்கள். வேலை இல்லாத நாட்களில் வாவியில் வலை வீசுகிறார்கள்.

நாங்கள் தங்கிய வீட்டில் மாமா முறையான ஒருவர். பொழுதுபட்டதும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். புறப்படும் போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமினார். "ஏன் மாமா, இந்த மழையில போகணுமா?" என்று கேட்டோம். சாரத்து மடிப்பில் இருந்த சின்னப் போத்தலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"ராவைக்கு வாவியில நிண்டா குளிர் எலும்புக்குள்ள போயிரும் தம்பி. இதப் போட்டாத்தான் நெஞ்சு சூடாகும். சளியும் கரையும்."

எங்களோடு வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி உடனே சொன்னாள்: "எங்க மேட்டு லயத்து ஆளுங்களும் இதே பாட்டைத்தான் படிக்கிறாங்க!"

உண்மைதான். வாவிக்கரையில் ஒரு குளிர், மலையில் ஒரு குளிர், மருந்து மட்டும் ஒன்று. அடைமழையில் கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிற ஆண்கள் சொல்வதும் இதுதான். தடிமன் பிடித்த சின்னப் பிள்ளைக்குக் கூட ஒரு தேக்கரண்டி பிராந்தி கொடுக்கிற வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆகவே இந்த இதழின் பாடமாக மதுசாரமும் சுவாசப்பையும் என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டோம். குடித்தால் ஈரல் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். குடும்பம் கெடும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். நெஞ்சு கெடும் என்பதைத்தான் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

முதலில் அந்தச் 'சூடு' என்ன என்று பார்த்துவிடுவோம். சாராயம் உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உடம்பின் உள்ளே இருந்த சூடான இரத்தம் தோலுக்கு வருகிறது. தோல் சூடாவதால் நமக்குக் கதகதப்பாகத் தெரிகிறது. ஆனால் அந்தச் சூடு வெளிக்காற்றுக்குத்தான் போகிறது, உள்ளுடம்பு முன்னை விடக் குளிர்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டின மாதிரி. நனைந்த உடம்போடு நிற்கிறவருக்கு இதைவிடக் கெட்ட மருந்து வேறில்லை. சளி கரையும் என்பதும் அப்படித்தான். அதைக் கீழே விளக்குகிறோம்.

சுவாசப்பைக்கு யார் காவல்?

சுவாசப்பை, அதாவது நுரையீரல், வெறும் காற்றுப் பை அல்ல. மூச்சுக்குழாய் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து கடைசியில் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றறைகளில் முடிகிறது. இந்த அறைகளை எல்லாம் பிரித்து விரித்து வைத்தால் சுமார் 70 சதுர மீற்றர் வரும். நம் லயத்துக் காம்பிராக்கள் பலவற்றைச் சேர்த்த அளவு. அவ்வளவு பெரிய இடத்துக்குள் ஒவ்வொரு மூச்சிலும் தூசியும் புகையும் கிருமியும் போய்க்கொண்டே இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் நிற்கிறவருக்கும், அடுப்படியில் விறகுப் புகை குடிக்கிற பெண்ணுக்கும் இன்னும் கூடுதலாகவே போகிறது. அப்படியிருந்தும் நாம் தினமும் நோயில் விழுவதில்லை. காரணம், அங்கே காவல் இருக்கிறது.

முதல் காவல், தொண்டை. சாப்பாடோ எச்சிலோ தப்பி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் உடனே புரையேறும், இருமல் வரும். நிறையக் குடித்துவிட்டு மல்லாந்து கிடக்கிறவருக்கு இந்தப் புரையேறும் உணர்வு மழுங்கிப் போகிறது. வாந்தியும், சொத்தைப் பல்லில் இருக்கிற கிருமியும் சத்தமில்லாமல் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும். சில நாள் கழித்து நியூமோனியாக் காய்ச்சல் வரும், சிலருக்கு நெஞ்சுக்குள்ளேயே சீழ்க்கட்டி உண்டாகும். போதையில் கிடக்கிறவரை மல்லாக்க விடாதீர்கள், பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது காவல், துடைப்பம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவை ஓயாமல் மேல்நோக்கி அசைந்து தூசியையும் சளியையும் தொண்டைக்குத் தள்ளுகின்றன. அமெரிக்காவின் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் சிசன் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் இந்த மயிர்களை மதுசாரத்தில் வைத்துப் பல வருடங்கள் ஆராய்ந்தார்கள். கண்டது விசித்திரமானது. கொஞ்ச நேரம் மதுசாரம் பட்டால் மயிர்கள் முன்னைவிட வேகமாக அசைகின்றன. ('சளி கரையுது' என்று மாமா சொன்னதில் இவ்வளவு உண்மை உண்டு என்று வைத்துக்கொள்வோம்.) ஆனால் தொடர்ந்து மதுசாரத்தில் இருந்தால் அந்த வேகம் அடங்கிப் போகிறது. பிறகு கிருமியோ தூசியோ வந்து வேகமாக அசைய வேண்டிய நேரத்திலும் அவை அசைவதில்லை. பெரட்டுக்குத் தப்பு அடித்தாலும் எழும்பாத ஆளைப் போல ஆகிவிடுகின்றன. அப்போது சளி கரையாது, உள்ளேயே தங்கும்.

சாராயம் வயிற்றுக்குத்தானே போகிறது, மூச்சுக்குழாயில் எப்படிப் படும் என்று சிலர் கேட்கலாம். குடித்தவர் கிட்ட வந்தால் மணக்கிறதல்லவா? எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் அந்த மணம் போகாது. இரத்தத்தில் கலந்த மதுசாரம் சுவாசப்பைக்குள் ஆவியாகி மூச்சோடு வெளியே வருவதால்தான் அது போவதில்லை. பொலிசார் வாகனக்காரரை ஊதச் சொல்லிப் பிடிப்பதும் இதை வைத்துத்தான். குடித்தது வடியும் வரை சுவாசப்பை மதுசார ஆவியில் ஊறிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது காவல்தான் பெரிய காவல். காற்றறைகளுக்குள் சில காவல் கலங்கள் சுற்றித் திரிகின்றன. கிருமியைக் கண்டால் அவை விழுங்கிச் செரித்துவிடும். நீண்ட காலம் மிதமிஞ்சிக் குடிப்பவர்களின் காவல் கலங்கள் சோர்ந்து போகின்றன. கிருமியை விழுங்கும் திறன் குறைகிறது. ஏன் என்று தேடிய அமெரிக்க வைத்தியர் மார்க் மோஸ் குழுவினர், நெடுநாள் குடிப்பழக்கம் உள்ள சிலரின் சுவாசப்பையைக் கொஞ்சம் உப்பு நீரால் கழுவி, அந்த நீரைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். சுவாசப்பையின் உட்பூச்சில் குளூட்டத்தயோன் என்று ஒரு பாதுகாப்புப் பொருள் உண்டு. இரும்புக்குத் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசுகிறோமே, அது மாதிரி. குடிக்காதவரிடம் இருந்த அளவில் ஏழில் ஒரு பங்குதான் குடிப்பவரிடம் இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஆட்கள் அப்போது நெஞ்சு நோயில் படுத்திருந்தவர்கள் அல்ல. நன்றாக நடமாடியவர்கள். அதாவது உள்ளே காவல் இறங்கிப்போனது அவர்களுக்கே தெரியாது. இருமல் இல்லை, இளைப்பு இல்லை. "நான் இருபது வருசமா குடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆகல்ல" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. காவலாளி தூங்கினாலும் கள்ளன் வரும் வரைக்கும் களஞ்சியம் பத்திரமாகத்தான் இருக்கும்.

எலிகளில் செய்த சோதனையில், சிங்க் சத்துக் கொடுத்தபோது காவல் கலங்கள் ஓரளவு தேறின என்றும் கண்டிருக்கிறார்கள். அதற்காகச் சிங்க் குளிசை போட்டுக்கொண்டு குடிக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். எலிக்கு நடந்தது எலிக்கு.

கள்ளன் வந்தால்

கள்ளன் வந்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டிய ஆய்வு 1996ல் வெளிவந்தது. அதே மார்க் மோஸும் சகாக்களும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 351 நோயாளர்களைப் பார்த்தார்கள். பெரிய காயம், இரத்தத்தில் கிருமி என்று பல காரணங்களால் வந்தவர்கள். இப்படிப்பட்ட நோயாளர் சிலருக்குச் சுவாசப்பையின் காற்றறைகளில் திடீரென்று நீர் கோர்த்து, மூச்செடுக்க முடியாமல் இயந்திரத்தின் உதவி தேவைப்படும். குடிப்பழக்கம் இல்லாதவர்களில் 100க்கு 22 பேருக்கு இது வந்தது. குடிப்பழக்கம் உள்ளவர்களில் 100க்கு 43 பேருக்கு வந்தது. வந்தவர்களிலும், குடிப்பழக்கம் இல்லாதவர்களில் 100க்கு 36 பேர் இறந்தார்கள், உள்ளவர்களில் 65 பேர் இறந்தார்கள்.

நம் தோட்டங்களில் ஒருவர் மூன்று நாள் காய்ச்சலில் கண்ணை மூடினால் "சளி கட்டிருச்சி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எத்தனையோ மரணங்களின் அடியில் இந்தக் கதை இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மிதமிஞ்சிக் குடிப்பது என்றால் எவ்வளவு? இதைக் கேட்டால் ஒவ்வொருவரும் தன்னைவிட அதிகம் குடிக்கிற ஒருவரைக் காட்டுவார். ஆகவே கணக்காகவே சொல்கிறோம். நம் நாட்டுச் சாராயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம். கால் போத்தல் 180 மில்லிலீற்றர். அதில் மதுசாரம் 60 மில்லிலீற்றர் அளவு. நிறுத்தால் சுமார் 47 கிராம். ஆராய்ச்சியாளர்கள் பலர் அபாயத்தின் கோடாக வைத்திருப்பது நாளைக்கு 40 கிராம். அந்தக் கோட்டை மாமாவின் மடியில் இருந்த சின்னப் போத்தலே தாண்டிவிட்டது. கசிப்பு குடிப்பவர் எவ்வளவு குடிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது, அளவும் இல்லை, தரமும் இல்லை. 'சீல் போட்ட சாராயம்தான் குடிக்கிறேன், கசிப்பு இல்ல' என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. கண் பார்வையைப் பொறுத்தவரை அதில் அர்த்தம் இருக்கலாம். சுவாசப்பைக்கு இரண்டும் ஒன்றே.

அந்த 40 கிராம் கோட்டை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த குனூட் லோன்ரோத்தும் சகாக்களும் 2008ல் காசநோய் பற்றிய 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் குடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் அபாயம் மற்றவர்களைப் போல சுமார் மூன்று மடங்கு என்று கண்டார்கள். இதற்குக் காரணம் காவல் கலங்கள் சோர்ந்து போவது மட்டுமல்ல. குடிக்கிற இடமும் ஒரு காரணம். ஒரே கிளாசில் குடிப்பதால் காசநோய் தொற்றுகிறது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். கிளாசில் அல்ல, காற்றில் தொற்றுகிறது. கதவடைத்த தவறணையில் ஒருவர் இருமினால் பத்துப் பேரின் மூச்சில் ஏறும். அங்கிருந்து வருகிறவர் படுப்பது எங்கே? ஜன்னல் சாத்திய லயத்துக் காம்பிராவில், பெண்சாதி பிள்ளைகளோடு. சொட்டுக் கூடக் குடிக்காத பிள்ளைக்குக் கிருமி வந்து சேருகிற பாதை இதுதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். சளிச் சோதனையும் மருந்தும் அரசாங்க மார்புநோய் கிளினிக்குகளில் இலவசம். ஆறு மாதம் மருந்து எடுத்தால் பெரும்பாலும் முற்றாகச் சுகமாகும். இங்கேயும் சாராயம் குறுக்கே நிற்கிறது. காசநோய்க் குளிசைகள் சில ஈரலுக்குப் பாரமானவை, குடியும் ஈரலுக்குப் பாரம், இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் காமாலை வரலாம். குடிக்கிற நாளில் குளிசையை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது நோயை மருந்துக்கு அடங்காத நோயாக்கிவிடும்.

வயல் சேற்றில் ஒரு கிருமி

படுவான்கரையில் நாங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டது இன்னொரு நோயைப் பற்றி. அதன் பேர் மெலியோய்டோசிஸ். வாயில் நுழையாத பேர். ஆனால் காரணம் நம் காலடியில் கிடக்கிறது. ஈரச் சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிற ஒரு கிருமி அது. காலில் உள்ள வெடிப்பு, வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். பெரும் மழையும் காற்றும் அடிக்கும்போது மூச்சு வழியாகவும் போகும். கொதிக்க வைக்காத தண்ணீராலும் வரலாம். ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக அரிது.

இந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர்கள் பர்மாவின் ரங்கூனில் வேலை செய்த அல்பிரட் விற்மோரும் அவருடைய சகா கிருஷ்ணசாமியும். 1912ல் அதை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட நோயாளர்களில் பெரும்பாலோர் மோர்பியா போதைக்கு அடிமையாகித் தெருவில் கிடந்தவர்கள். அன்றைக்கு ஊசியால்தான் நோய் வருகிறதோ என்று சந்தேகப்பட்டார்கள். பிறகுதான் மண்ணும் தண்ணீரும் காரணம் என்று தெரிந்தது. நம் நாட்டில் முதல் நோயாளி பதிவானது 1927ல். அவர் யார் தெரியுமா? கொழும்பில் தேயிலைத் தரகு வேலை பார்த்த ஓர் ஐரோப்பியர். துரைமாரையும் விடாத நோய்! அதன் பிறகு நீண்ட காலம் இலங்கையில் இந்த நோய் அபூர்வம் என்றே எண்ணியிருந்தார்கள். 2006க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் எனோக்கா கொரெயாவும் சகாக்களும் பல வைத்தியசாலைகளின் மாதிரிகளைத் தேடிச் சோதித்தபோதுதான், அபூர்வமாக இருந்தது நோய் அல்ல, தேடல் என்று தெரிந்தது. மட்டக்களப்பு உட்படக் கிழக்கிலிருந்தும் நோயாளர்கள் பதிவானார்கள்.

இதற்கும் சாராயத்துக்கும் என்ன சம்பந்தம்? வயலில் இறங்குகிற எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை. திடகாத்திரமான உடம்பு பெரும்பாலும் கிருமியை அடக்கிவிடும். அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரில் வைத்தியர் பார்ட் கரியும் சகாக்களும் 20 வருடத்தில் வந்த 540 நோயாளர்களைக் கணக்கெடுத்து 2010ல் வெளியிட்டார்கள். அவர்களில் 100க்கு 39 பேருக்கு நீரிழிவு இருந்தது. அதே அளவு, 100க்கு 39 பேர், மிதமிஞ்சிக் குடிப்பவர்கள். பாதிப் பேருக்கு நோய் நியூமோனியாவாகவே வந்தது. 100க்கு 81 பேர் நோயில் விழுந்தது மழைக் காலத்தில்.

இந்தக் கணக்கை எங்கள் உறவினர்களின் வருடத்தோடு பொருத்திப் பாருங்கள். வாவிப் பக்கத்தில் பெருமழை கார்த்திகை, மார்கழியில். பெரும்போக வயலில் அப்போதுதான் தண்ணீர் நிற்கும். கால் முழுக்கச் சேற்றுப் புண். மழைக் குளிர். குளிருக்கென்று மாலையில் கால் போத்தல். நீரிழிவு இருக்கிறதா என்று பலர் சோதித்தே பார்த்ததில்லை. கிருமிக்கு வேண்டிய அத்தனையும் ஒரே மாதத்தில் ஒரே உடம்பில் கூடி நிற்கின்றன.

இந்த நோயின் இன்னொரு கள்ளத்தனம், அது காசநோய் போலவே வேடம் போடும். காய்ச்சல், இருமல், மெலிவு, எக்ஸ்ரேயில் நிழல், எல்லாம் ஒன்று போலிருக்கும். சளியில் காசநோய்க் கிருமி மட்டும் இருக்காது. சாதாரணக் காய்ச்சல் மருந்துக்கு அடங்காது. இரத்தத்தையும் சளியையும் ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மருந்து உண்டு. குறைந்தது 10 முதல் 14 நாள் வரை வைத்தியசாலையில் ஊசி மருந்து, பிறகு மூன்று மாதமாவது குளிசை. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

ஆகவே மழைக் காலத்தில் வயலுக்கோ கிழக்கில் உறவினர் வீட்டுக்கோ போய்வந்த பிறகு விடாத காய்ச்சல் வந்தால், வைத்தியரிடம் "நான் வயல்ல எறங்கினேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் அந்தச் சோதனை செய்ய அவருக்குத் தோன்றும். காலில் புண் உள்ளவர்கள் சப்பாத்து இல்லாமல் சேற்றில் இறங்காமல் இருப்பது நல்லது. சப்பாத்து எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். கால் போத்தலின் கணக்கை ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் அதற்கும் வழி தெரியும்.

வைத்தியரிடம் எதைச் சொல்வது?

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் நியூமோனியாவோடு வைத்தியசாலையில் படுத்தார். குடிப்பதைப் பற்றிக் கேட்டபோது "இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். வெட்கம்தான். மூன்றாம் நாள் கை கால் நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சுவரில் பூச்சி ஊருகிறது என்று கத்தினார். வீட்டார் பேய் பிடித்துவிட்டது என்று அழுதார்கள். பேயல்ல. நெடுநாள் தினமும் குடித்த உடம்புக்குத் திடீரென்று சாராயம் நின்றால் இப்படி வரும். வலிப்பும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரும் போகலாம். முன்னமே சொல்லியிருந்தால் அதற்கு மருந்து கொடுத்திருப்பார்கள். நல்ல வேளை, பெண்சாதி பிறகு உண்மையைச் சொன்னாள், ஆள் பிழைத்தார்.

இதனால் இரண்டு விஷயம். வைத்தியர் கேட்கும்போது குடிக்கிற அளவை உள்ளபடி சொல்ல வேண்டும். அவர் பொலிஸ்காரரும் அல்ல, துரையும் அல்ல. மற்றது, தினமும் நிறையக் குடிப்பவர் கோபத்தில் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்த முயற்சிக்காமல், தோட்ட வைத்திய உதவியாளரிடமோ அரசாங்க வைத்தியசாலையிலோ காட்டி அவர்கள் சொல்கிறபடி நிறுத்துவது நல்லது. மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் இதற்கு உதவி உண்டு. 1926 என்ற இலக்கத்துக்குப் போன் செய்தால் தேசிய மனநல நிறுவனத்தின் ஆலோசனை கிடைக்கும். மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ, சளியில் இரத்தம் கண்டாலோ காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்குக் காசில்லை.

குடிப்பது ஆண்கள் மட்டுமல்ல என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. உடம்பு வலிக்கு என்று மறைவாகக் கொஞ்சம் எடுக்கிற பெண்களும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அவர்கள் வைத்தியரிடம் இன்னும் குறைவாகவே உண்மை சொல்கிறார்கள். பெண்ணின் உடம்பில் அதே அளவு சாராயம் கூடுதலாக ஏறும். அவர்களை ஏசாமல் அழைத்துக்கொண்டு போக ஒரு அக்காவோ தங்கச்சியோ வேண்டும்.

படுவான்கரையில் நாங்கள் இதையெல்லாம் பேசி முடித்தபோது அத்தைதான் ஒரு கேள்வி கேட்டா: "இப்ப நிப்பாட்டினா அந்த நெஞ்சு திரும்பி வருமா?" குடியை விட்டால் காவல் மெல்ல மெல்ல எழும்பும், கிருமியோடு சண்டை போடும் திறன் தேறும், ஆனால் தழும்பு விழுந்த இடம் பழையபடி ஆகாது என்று உள்ளதைச் சொன்னோம். புகைப்பவராக இருந்தால் அதையும் சேர்த்து விட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஓட்டையை அடைத்து மறு ஓட்டையைத் திறந்து வைத்த கதை என்றோம்.

மறுநாள் காலை மாமாவும் அத்தையும் எங்களோடு பட்டணத்துக்கு வந்தார்கள். மார்புநோய் கிளினிக்கில் சளிக்கென்று சின்ன டப்பா ஒன்று கொடுத்தார்கள். அடுத்த நாள் விடிய எழுந்ததும் முதல் சளியை, எச்சில் அல்ல, ஆழமாக இருமி எடுத்துக் கொண்டு வரச் சொன்னார்கள். பிறகு வைத்தியர் "ஐயா, குடிப்பீங்களா?" என்று கேட்டார். மாமா கூரையைப் பார்த்தார். "இடைக்கிடை" என்றார்.

பின்னால் நின்ற அத்தை ஒரு விரலை நீட்டி, "ஒவ்வொரு நாளும் கால் போத்தல், டொக்டர். இருபத்தாறு வருசம்" என்றா. மாமா திரும்பி முறைத்தார். வைத்தியர் அதை அப்படியே கார்டில் எழுதிக்கொண்டு, "சரி, இரத்தமும் எடுப்பம், சீனியும் பாப்பம்" என்றார்.